இரண்டு ஸ்பீக்கரும் வலப்பக்கம்

டோலிடோ, ஓஹையோ
அக்டோபர் 6, 1996

காஸ்,

அப்பாவின் ஸ்டீரியோவை நீ பாழாக்கிவிட்டாய்.

எட்டு மாதம் உன் கராஜில் வைத்துப் பழுது பார்த்தாய். நான்கு அட்டைப்பெட்டிகளில் போர்வை சுற்றி அனுப்பினாய். நீ வரைந்த படத்தைப் பார்த்து இன்று முழுக்க மண்டியிட்டு ஒயர்களைச் சேர்த்தேன். நாற்காலிக்கு இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கம் ஒன்று. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா போனபிறகு அவர் எல்லாப் பொத்தானையும் போட்டு நான் பார்த்ததில்லை.

அவருடைய போல்கா இசைத்தட்டைப் போட்டேன். ஒரு நிமிடம் கேட்டார்.

"பாட்டுக்காரன் எங்கடி போயிட்டான்? மேளக்காரனுக்கு மட்டுந்தான் சம்பளம் குடுத்தாங்களா?"

பாடிக்கொண்டுதான் இருக்கிறார் என்றேன். "அப்ப எனக்குத்தான் போச்சு" என்று எழுந்து போய்விட்டார். சூப்பைத் தொடவில்லை.

நீயே வந்து சரிசெய்.

ரெனாட்டா

டூஸான், அரிசோனா
அக்டோபர் 14

அன்பு ரெனி,

கோபம் தணிந்ததும் படி. மூன்று நாள் ஓடவிட்டுத்தான் கட்டி அனுப்பினேன். அந்தக் காலத்துத் தட்டுகளில் குரலை ஒரு பக்கம், மேளத்தை மறுபக்கம் என்று பிரித்துப் பதிவு செய்வார்கள். அந்தத் தட்டில் குரல் முழுக்க இடது ஸ்பீக்கரில் வரும். அதன் ஒயர் தளர்ந்திருக்கும், பார். அப்பா இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும்.

பிள்ளைகள் நலம். கிறிஸ்துமஸுக்கு வர முடியுமா தெரியவில்லை. அப்பாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
காஸ்

டோலிடோ
அக்டோபர் 20

காஸ்,

ஒயர் தளரவில்லை. கார்பெட்டைப் பார்த்தேன். ஸ்பீக்கர் அழுத்திய குழி நாற்காலிக்கு வலப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்திருக்கிறார். இத்தனை வருடம் வந்துபோயும் நான் கவனித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

அப்பாவைக் கேட்டேன். "இடது காது எண்பத்தொண்ணுலயே போயிடுச்சு. உங்கம்மா திட்டணும்னா மட்டும் அந்தப் பக்கமா வந்து திட்டுவா. நல்ல மனசுக்காரி."

இரண்டையும் வலப்பக்கம் அடுக்கினேன். பாட்டுக்காரன் வந்துவிட்டான். அப்பா மூன்று தட்டு கேட்டார்.

தட்டு அலமாரியின் பின்னால் ஒரு உறை கிடந்தது. நீ வேலை பார்த்த தொழிற்சாலை மருத்துவ அறையின் சீட்டுகள், அப்பாவின் காது பரிசோதனை, எண்பத்திரண்டு முதல் எண்பத்தொன்பது வரை. எட்டிலும் "இரு காதும் இயல்பு". எட்டிலும் உன் கையெழுத்து.

இது என்ன, காஸ்?

ரெனாட்டா

டூஸான்
நவம்பர் 8

ரெனி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, நான் வெளியே குமிழைத் திருப்புவேன். சத்தம் கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஆள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அப்பா என்னைப் பார்த்து உட்கார்ந்தார். என் கை அசைந்தபோதெல்லாம் அழுத்தினார். தகடு அடிக்கும் பிரஸ்ஸில் கார் கதவு அடித்த கிழவர்கள் எல்லோருமே அப்படித்தான். திரும்பி உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒன்ன வச்சிருக்கறது கையெழுத்துப் போட. என் ஆளுங்கள லைன்ல இருந்து எடுக்க இல்ல" என்று ஃபோர்மன் சொல்லியிருந்தார். உண்மையை எழுதியிருந்தால் அப்பாவை பிரஸ்ஸிலிருந்து மாற்றியிருப்பார்கள். வலது காதாவது முழுசாக மிஞ்சியிருக்கும்.

வெளியே வந்து என் முதுகில் தட்டுவார். "பாஸா, டாக்டரே?" ஆமாம் என்பேன்.

அப்பாவின் ஸ்டீரியோவை உள்ளே ஒவ்வொரு பாகமாக மாற்றினேன். முடித்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஸ்பீக்கர்கள் ஒரே பக்கம் அடுக்கியிருந்ததை எடுத்துவந்த அன்றே பார்த்தேன். ஆனாலும் படத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்தேன், அவருக்கு இரண்டு காதும் இருப்பது மாதிரி.

சீட்டுகளை எரித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

காஸ்

டோலிடோ
நவம்பர் 14

காஸ்,

எரிக்க மாட்டேன். யூனியனிடம் கொடுத்துவிட்டேன்.

நஷ்டஈடு கேட்டிருக்கும் பதினொரு பேரிடம் இதே மாதிரிச் சீட்டு இருக்கிறது. பிரஸ்தான் காதைத் தின்றது என்கிறார்கள் அவர்கள். காகிதத்தில் இயல்பு என்றுதானே இருக்கிறது என்கிறது கம்பெனி. டிசம்பர் 3 மாநில நஷ்டஈட்டு வாரியத்தில் விசாரணை. பரிசோதனை செய்தவன் வந்து சொல்லாவிட்டால் அந்தக் காகிதம்தான் ஜெயிக்கும். அந்த அறையில் பரிசோதனை செய்தவன் நீ ஒருவன்தான்.

"அவன விடுடி. நாந்தானே கையப் பாத்து அமுக்குனேன். ஓவர்டைம் வேணும்ல" என்கிறார் அப்பா. அந்த ஓவர்டைமில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எனக்கும் இதில் பங்கு இருக்கிறது, காஸ். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்றது நான் இல்லை. நான் சொன்னால் செல்லாது.

வா.

ரெனாட்டா

டோலிடோ
டிசம்பர் 4

காஸ்,

நேற்று நீ வரவில்லை. கடிதமும் இல்லை. போன் செய்தேன். நீ கராஜில் இருப்பதாகச் சொன்னாள் உன் மனைவி.

பதினொரு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். ஒருவர் ரகசியம் பேசினால் ஹால் முழுக்கக் கேட்டது. "ஏய் எட்மண்ட், பையன் விமானத்துலதான வர்றான்?" என்று கத்தினார் பக்கத்திலிருந்தவர். "வந்துருவான், வந்துருவான்" என்று அப்பா அதைவிடச் சத்தமாகச் சொன்னார். கதவு திறந்தபோதெல்லாம் நான் மட்டும்தான் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

சாட்சிக்காகக் கடைசியாக ஒரு தவணை கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி 8, காலை ஒன்பது மணி, மூன்றாம் மாடி. அப்பா உன்னை ஒன்றும் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன். அந்த அறையில் நடந்ததை வந்து சொல்.

வருவாயா, மாட்டாயா? ஒரு வரி எழுது.

ரெனாட்டா