லோயரம்மாவின் பெனர்

கீழ்ப்பிரிவு,
கஹவத்தை.
புதன்கிழமை.

அன்புள்ள கிருஷ்ணகுமாரிக்கு,

நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உனக்கும் தலைவலி விட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். நம் தனுஷிகாவின் படிப்புக்கென்று உன் போனை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். உன் அறைத்தோழி ஷாமிளாவின் போனில் நீ பேசினால் அங்கே அவள் பக்கத்தில், இங்கே பிள்ளை என் மடியில். அப்புறம் எதைத்தான் பேசுவது? நாளைக்குப் பக்கத்து வீட்டு அஜந்தன் கொழும்புக் கடைக்கு வேலைக்குத் திரும்புகிறான். இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. இந்த முறையும் சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சை சரிவராவிட்டால் தோட்டத்துப் பக்கமே வரமாட்டேன், கொழும்பிலேயே ஒரு வேலையில் நின்றுவிடுவேன் என்றாய். அதே மூச்சில் பிள்ளைக்கு நகம் வெட்டிவிடுங்கள் என்றாய். நகத்தை வெட்டிவிட்டேன். மற்றதைத்தான் விழுங்க முடியவில்லை.

இங்கே மழை விடுவதாக இல்லை. ரப்பர் மரமெல்லாம் ஈரம், இன்றைக்குப் பால் வெட்டு இல்லை என்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே கங்காணி எங்களைத் திருப்பி அனுப்புகிறார். தப்பித் தவறி வெட்டிய நாளில் மழை வந்து சிரட்டையில் பாலும் தண்ணீரும் ஒன்றாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் சமையல், காயாத துணி, பிள்ளையின் வீட்டுப்பாடம். களைத்துப்போய்விட்டேன் குமாரி. பரீட்சை முடியும்வரை சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீயும் அங்கே களைத்துத்தான் இருப்பாய், அதனால் சொன்னால் தப்பில்லை என்று இப்போது படுகிறது.

உன் பழைய வினாத்தாளில் பெஞ்சில் ஐந்து பேரை உட்காரவைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறதே, அதை எடுத்து வைத்துக்கொண்டு தனுஷிகா என்னைப் பாடாய்ப் படுத்துகிறாள். மலையில் வேலை ஓய்ந்திருந்த நேரம் சிரட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒருவர் மடியில் இன்னொருவரை உட்காரவைக்க வேண்டியதாகிவிட்டது. இந்த மாதிரிக் கேள்விகளோடு நீ எப்படித்தான் மல்லுக்கட்டுகிறாயோ.

உன்னைத் தேடி ஆட்கள் வருவதும் நிற்கவில்லை. மேல் லயத்து மூக்காயி அக்கா, பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்திருக்கிறது என்று வந்தது. அவள் இன்னும் பரீட்சையே எழுதவில்லை அக்கா என்றேன். அதுக்கென்னா, லோயரம்மா வந்து பாத்துக்கும்தானே என்று காம்பரா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில் கொண்டக்டர், லோயர் நோனா கோ என்று சிங்களத்தில் நீ எங்கே எனக் கேட்டுச் சிரிக்கிறார். கொழும்பில் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

எல்லாம் அந்தப் பெனர் செய்த வேலை. போன வருடம் ஆடித் திருவிழாவுக்குப் பெனர் அடிக்கப் போன நம் தோட்டத் தலைவர் நாகலிங்கம் மாமா, நீ விண்ணப்பம் போட்டதைக் கேள்விப்பட்டு, கையோடு உனக்கும் ஒன்று அடித்துவிட்டார். ‘எங்கள் தோட்டத்தின் முதல் சட்டத்தரணி’ என்று எழுதி, நம் கல்யாணப் படத்திலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார். என் தோளில் பாதியும் கூடவே வந்திருந்தது. நீ இன்னும் பேனாவையே எடுக்கவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோயில் வளைவில் கட்டினார்கள்.

முடிவு வந்த பிறகும் அதை யாரும் இறக்கவில்லை. பூசை போட்டுக் கட்டியது, இறக்கினால் உனக்கு ஆகாது என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிற நீ நாள்தோறும் அதன் கீழேதான் நடந்தாய். வெயில் நாளிலும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போவாய். எனக்குத் தெரியும்.

போன கிழமை தலைவர் வீட்டுக்கு வந்தார். இந்த வாட்டி பெருசா அடிப்போம் மாப்புள, புதுசா ஒரு படம் குடுங்க என்றார். எனக்கு வந்ததே கோபம். அவ போய் எழுதிட்டு வரட்டும் மாமா, அதுக்குப் பொறவு நீங்க கோயில் ஒசரத்துக்கு அடிங்க, இப்ப ஒன்னும் வேணாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பெனரை அவிழ்க்க ஏறினேன். மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி ஆடியதும் வந்து பிடித்தவரும் அவர்தான். இறங்கிய பிறகு, ரொம்ப நாளா தொங்கிருச்சு இல்ல என்று மட்டும் சொன்னார். ஆகவே, திரும்பி வரும்போது நீ குடையைத் தாழ்த்த வேண்டியதில்லை.

சனிக்கிழமைப் பரீட்சைக்கு உனக்கு நான் என்ன புத்தி சொல்வது? போன முறை விடியற்காலை பஸ்ஸில் போய், வழியில் மண்சரிவில் மாட்டி, ஈரச் சேலையோடு மண்டபத்துக்குள் ஓடினாய். மூச்சு வாங்கி முடிவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. இந்த முறை முன்கூட்டியே அங்கே இருக்கிறாய், அதுவே பெரிய காரியம். வராத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வயிறு நிறையச் சாப்பிடு. வெறும் தேத்தண்ணீரோடு படுக்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். தனுஷிகா படிக்கிற மூலையில் கூரை ஒழுகி உன் வினாத்தாள் கட்டு நனைந்துவிட்டது. காயவைத்து எடுத்துவிட்டேன், பயப்படாதே. தகரம் மாற்றித் தரச் சொல்லித் தோட்டத்து ஒஃபிஸில் கேட்டால் பார்ப்போம் என்கிறார்கள். அதனால் அந்தப் பெனரையே தகரத்துக்கு அடியில் சரிவாக இழுத்துக் கட்டினேன். நீ பார்த்தால் வருத்தப்படுவாய் என்று முகத்தை மேல் பக்கமாகத்தான் போட்டேன். பிள்ளை விடவில்லை. அம்மா மொகம் நனையும், உள்ளுக்குத் திருப்புங்க என்று ஒரே அழுகை. கழற்றி மறுபடி கட்டினேன். கட்டும்போது எழுத்திருந்த ஓரத்தை மடித்துவிட்டேன். இப்போது அதில் சட்டத்தரணியும் இல்லை, தோட்டமும் இல்லை. நீயும் என் பாதித் தோளும் மட்டும் இருக்கிறோம். படுக்கும்போது அவள் அதைப் பார்த்துத்தான் அன்றைய கதையெல்லாம் சொல்கிறாள்.

பரீட்சை முடிந்ததும் நேரே பஸ் ஏறு. முடிவு வரும்போது வரட்டும், அதற்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை. கஹவத்தை பஸ் நிலையத்தில் நானும் பிள்ளையும் நிற்போம். எந்த பஸ் என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசி பஸ் வரைக்கும் நிற்போம்.

மாரியம்மா உன் கூடவே உட்கார்ந்து எழுதவைக்கட்டும். மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளையின் மூலையில் ஒரு சொட்டும் விழவில்லை.

சனிக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்,
உன் சதீஸ்.