படகுக்குள் எங்க வீட்டுக்காரர்

3-2-1959
இவருக்குக் கிருஷ்ணகிரி அணையில் தச்சு வேலை கிடைத்திருக்கிறது. அதிகாரிகள் போகும் மோட்டார் படகின் உள்ளறையில் யாரோ இரும்புப் பெட்டிகளை இழுத்து வார்னிஷைக் கீறிவிட்டார்களாம். பலகைமேல் ஒட்டிய தேக்குத் தகடும் ஈரத்தில் பெயர்ந்திருக்கிறது. "காயிதமாட்டம் இருக்குது. கொஞ்சம் அழுத்தித் தேச்சா கீழ இருக்கற மட்டமான பலகை தெரிஞ்சிடும்" என்றார். பரீட்சைத்தாள் திருத்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

6-2-1959
பள்ளிப் பிள்ளைகளை அணை பார்க்க அழைத்துப்போனோம். தலைமையாசிரியை சாந்தம்மாவும் வந்தார். கரையேற்றி வைத்திருந்த படகிலிருந்து இவர் குனிந்து வெளியே வந்தார். சட்டையில்லை. தலையெல்லாம் மரத்தூள். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா, டீச்சர்?" என்றாள் முனிலட்சுமி.

"இல்ல. படகு ரிப்பேர் பண்றவரு. வரிசையில நட."

அவ்வளவு பக்கத்தில் நின்றவர் காதில் விழாமலா இருக்கும்? சிரிப்பு நின்றுபோனது. மறுபடி உள்ளே குனிந்துவிட்டார்.

7-2-1959
ஏன் அப்படிச் சொன்னாய் என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

9-2-1959
களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தேன். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாகல, டீச்சரம்மா?" என்றார்.

டீச்சரம்மா. இதுவரை சரோஜா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

எப்படி வாயில வந்துச்சு எனக்கு? கல்யாணத்துக்கு அப்புறம் சேலத்துக்கு அனுப்பி டிரெயினிங் படிக்க வச்சதே அவர்தானே. ஊரார் சிரிக்கச் சிரிக்க, தனியா பொங்கித் தின்னாரே — அந்த மனுஷனையா தெரியாதுன்னு சொன்னேன்?

பாடம் நடத்தும்போது முனிலட்சுமி பக்கம் பார்க்க முடியவில்லை.

13-2-1959
சாந்தம்மா நாளைக்குத் தன் அக்காள் குடும்பத்தோடு அணைக்குப் போகிறாராம். இவருக்கும் நாளைக்கு அங்கேதான் வேலை.

14-2-1959
சாப்பாடு எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். மூலை வளைவில் புதுத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் பாக்கறதுக்குள்ள போயிடு" என்றார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பசை காயும்வரை அழுத்தி வைக்க, வளைவில் பாரம் எதுவும் நிற்காது. ஒரு ஓரத்தை அவர் அழுத்த, மறு ஓரம் தூக்கிக்கொண்டது. உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சாந்தம்மா அறை வாசலில் எட்டிப் பார்த்தார். பின்னால் அவர் அக்காள். "சரோஜம்மா, நீங்க எப்படி இங்க?"

"இவரு எங்க வீட்டுக்காரரு, டீச்சர்." மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தேன்.

"கைய எடுக்காத, சரோஜா" என்றார் இவர், தகட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒட்டல."