தொப்பி வைத்த அம்மா

செப்ரெம்பர் 9, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கொடியில் போட்ட துணியெல்லாம் வேலியில். காலையில் மாமிக்கு இன்சுலின். இனி: வாழையிலை, ஐயருக்குச் சாமான், தம்பிக்கு அறை கூட்டுவது, அம்மாவின் படம்.

ஞாயிறு அந்தியேட்டி. அம்மா போய் ஒரு மாதம்!

பெரிதாக்கிச் சுவரில் வைக்க எனக்கு ஒரே ஒரு படம்தான் சரி. குறிகட்டுவான் இறங்குதுறையில் கூட வேலை செய்த யாரோ எடுத்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மடியில் தடுப்பூசிப் பெட்டி. நயினாதீவு வள்ளத்துக்குக் காத்திருக்கிறார். யாரையோ ஏசப் போகிற முகம். அதுதான் அம்மா.

மாமி பார்த்தார். அப்பாவின் தங்கை, பக்கத்து வளவு.

"உந்தப் படத்தையோ வைக்கப் போறாய்? முழங்கால் தெரியுது. வாற சனம் என்ன கதைக்கும்?"

"நேர்ஸ் எண்டு கதைக்கும், மாமி."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. கொம்மான்ர வாய்."

சந்தோசம்.

செப்ரெம்பர் 10, புதன்

தம்பி கனடாவிலிருந்து வந்து இறங்கினான். வாசலிலேயே அழுதான். பிறகு ரெண்டு தரம் சோறு. பிறகு மெல்லச் சொல்கிறான்: "படத்தைப் பற்றி நீ யோசியாதை அக்கா. அங்கையிருந்தே ஸ்ரூடியோவுக்குச் சொல்லிப்போட்டன். வெள்ளிக்கிழமை வரும்."

மாமியும் அவனும் வைபரில் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல்.

சரவணையில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அம்மாவை வேலையை விடச் சொன்னார்களாம். கண்டவன் நின்றவனைத் தொட்டுக் கழுவுகிற வேலை என்று. விடவில்லை. அப்படியென்றால் சட்டைக்கு மேல் சேலை சுற்றிக்கொண்டு போ, துறையில் அவிழ் என்றார்களாம். ஒரு கிழமை செய்தாராம். பிறகு சேலையை மடித்து மாமியின் கையில் கொடுத்துவிட்டு, சட்டையோடு சைக்கிளில் ஏறிப் போனாராம். அம்மா இதைச் சொல்லும்போது சிரிப்பார். மாமி சொல்லும்போது சிரிப்பதில்லை.

செப்ரெம்பர் 12, வெள்ளி

படம் வந்தது. கதவளவு.

"வடிவாய் இருக்கெல்லே?"

"ஆரடா இது?"

"விசர்க்கதை கதையாதை அக்கா. அம்மா."

முகம் அம்மாவினுடையது, அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. சிவப்புக் கூறைச் சேலை, மார்பு நிறைய நகை, மடியில் மெழுகு மாதிரிக் கை, நகத்துக்குப் பூச்சு. டெற்றோல் மணக்கிற அம்மாவின் கை எங்கே? கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டார்கள். நெற்றியில் பொட்டு.

பொட்டு! அப்பா செத்த அன்று அம்மாவின் பொட்டை அழிக்க முதல் ஆளாக ஓடிவந்தவர் இதே மாமி. இப்போது அவரே வைப்பிக்கிறார். கேட்டேன்.

"படத்திலையெண்டாலும் மங்களமா இருக்கட்டும், பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன்.

இது சுவரில் ஏறினால் இனி இறங்காது. தம்பியின் பிள்ளைகள், அதுகளின் பிள்ளைகள், எல்லாம் இந்த நகப்பூச்சுக்காரியைத்தான் அப்பம்மா என்று கும்பிடும். அம்மா இன்னொருமுறை சாகிறார், அவ்வளவுதான்.

"எல்லாரும் பாத்து ஓம் எண்டாச்சு அக்கா. நீயும் ஓம் எண்டு சொல்லன்."

"ஏலாது."

இருவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூறைக்காரி நடுவிறாந்தைச் சுவரில் ஏறினாள். தொப்பிக்காரி சின்னச் சட்டத்தோடு என் அலுமாரிக்குள். இருக்கட்டும். பார்ப்போம்.

செப்ரெம்பர் 13, சனி

பூசணிக்காய் காணாது, இன்னும் ஒன்று வாங்கவேணும். மாவிலை வந்தது. கதிரைகள் வந்தன, ரெண்டுக்குக் கால் ஆட்டம்.

மாமிக்கு ஊசி. அவர் சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினார், நான் போட்டேன். அம்மா இருந்தவரை இது அம்மாவின் வேலை. காலையில் வள்ளத்துக்குப் போகுமுன், பின்னேரம் வந்தவுடன். அந்தச் சட்டையோடு, அந்தத் தொப்பியோடு. அப்போது மட்டும் முழங்கால் தெரியவில்லையாக்கும்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

கீரிமலை. கடல் கொந்தளிப்பு. தம்பி சாம்பலைக் கரைத்தான். நான் கரையில் நின்று பார்த்தேன்.

வீட்டில் சனம். படத்துக்கு முன் விளக்கு, படையல். எல்லாரும் பார்த்து "நல்ல வடிவு" என்றார்கள். மாமிக்கு முகம் மலர்ந்தது.

பந்திக்கு முதல் நயினாதீவிலிருந்து ஒரு பெண் வந்தாள். காற்றில் கலைந்த தலை, கையில் மாலை, பின்னால் தாடி வைத்த மகன். கூறைக்காரிக்கு முன்னால் நின்றாள். அங்குமிங்கும் பார்த்தாள்.

"கோவிக்காதையுங்கோ. இவ ஆர்? மிஸ்ஸியின்ர படம் எங்க?"

தீவில் நேர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். விறாந்தையில் இருந்த சனமெல்லாம் படத்தைப் பார்த்தது. ஐயரும் திரும்பிப் பார்த்தார்.

அலுமாரியைத் திறந்தேன். கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஓம், இவதான்!" மகனை இழுத்தாள். "இவன் வள்ளத்திலை பிறந்தவன். அண்டைக்கு மழையும் காத்தும். மிஸ்ஸி உந்தத் தொப்பியைப் பிரிச்சுத்தான் இவன்ர தலையை மூடினவ." அந்தப் பெரிய ஆம்பிளை எல்லாருக்கும் முன்னால் குனிந்து அம்மாவைத் தொட்டுக் கும்பிட்டான்.

கதிரையில் ஏறினேன். ஆட்டக் கதிரை.

"கழட்டாதை அக்கா. ரெண்டும் இருக்கட்டும்."

"ஏலாது. கதிரையைப் பிடி."

பிடித்தான். பெரியதை இறக்கிக் கொடுத்தேன். அதே ஆணியில் அம்மா. மாலை படத்தைவிட நீளம், தரை தொட்டது. யாருக்கு என்ன?

பின்னேரம் சனம் போன பிறகு மாமி ஊசிக்கு வந்தார். வராமல் எங்கே போவார்? படத்துக்குக் கீழே இருந்தார். தோலை மடித்துப் பிடித்தேன், அம்மா பழக்கினபடி.

"கொம்மா போட்டால் நோகாது."

நோகட்டும் என்றுதான் நினைத்தேன். நோகாமல்தான் போட்டேன்.

மாமி எழும்பவில்லை. மேலே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உந்த ஆணியைக் கொஞ்சம் கீழ இறக்கி அடியன். எனக்கு முகம் வடிவாத் தெரியேல்லை."

"மாட்டன் மாமி. எழும்பிக் கிட்ட வந்து பாருங்கோ."