வாலுக்குள் மூன்று ரிவெட்

கிள்ளான், மலேசியா,
வியாழக்கிழமை

அன்புள்ள செபாஸ்டியன் அவர்களுக்கு,

ஜெரால்டின் எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்றுதான் வாயில் வரும். கடிதத்தை அப்படித் தொடங்க முடியாததால் பெயரை எழுதிவிட்டேன். நான் அனுப்பும் வாட்ஸ்அப் எதுவும் உங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால் நாளை பெர்த்துக்கு வரும் லோகன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை நீங்கள் கட்டிய அந்த விமானத்தில் ஏறாதீர்கள். அதன் வாலின் கடைசிச் சட்டத்தில் மூன்று ரிவெட் ஆணி சரியாக உட்காரவில்லை. நான் லோகனிடம் சொல்லும்வரை உங்களையும் என்னையும் தவிர அது யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு குறையும் இல்லை. மகள் காஜாங்குக்கே வந்துவிடச் சொல்கிறாள். எனக்குத்தான் வீட்டைப் பூட்ட மனம் வரவில்லை. மேரு சாலையில் லோகனின் லோரிப் பட்டறையில் நீங்கள் விமானம் கட்டிய இடத்தில் இப்போது பழைய டயர் கிடக்கிறது. என் இடது காது இன்னும் இரைகிறது. ஃபேக்டரியில் வேலை பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை, என் வீட்டுக்காரர் பிளேன் கட்டினார் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

லோகன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, பெட்டி பெட்டியாக வந்த சாமான்களைத் தனி ஆளாகப் பூட்டி முடித்ததாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு வாய் கூசவில்லையா? வெளியே நீங்கள் ரிவெட் கன்னை அழுத்தும்போது, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்தால்தான் ரிவெட் உட்காரும். உங்கள் தோள் வாலுக்குள் நுழையாது என்று என்னைத்தானே உள்ளே அனுப்பினீர்கள். ஆறு வருடம் சனி, ஞாயிறெல்லாம் அந்த அலுமினியக் கூட்டுக்குள் மல்லாந்து கிடந்தவள் ஆள் கணக்கில் சேரவில்லை போலிருக்கிறது.

வீடியோவில் தொப்பி போட்ட ஒரு பெண் இறக்கையில் கை வைத்து நிற்கிறார். யாரென்று நான் கேட்கவில்லை. லோகனும் சொல்லாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பறக்க அனுமதி வாங்கும் பேப்பர் வேலை முடிந்ததும் வருகிறேன் என்று விமானத்தோடு பெர்த்துக்குப் போனவர் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சரி, அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபாதர் மாற்றலாகிப் போவதற்குள் விமானத்தை மந்திரித்துவிட வேண்டும் என்று துடித்தீர்கள். அவசரத்தில் கன்னைச் சாய்த்துப் பிடித்ததில் மூன்று ரிவெட் வளைந்து படுத்துவிட்டது. "கழட்டிட்டு வேற அடிக்கணுங்க" என்றேன். "ஃபாதர் வந்துட்டாரு லா, அப்புறம் பாப்போம், வெளிய வா" என்றீர்கள். மறுநாள் கேட்டதற்கு, "தீர்த்தம் தெளிச்ச சாமான்ல துளை போடச் சொல்றியா?" என்று பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டீர்கள். ஃபாதர் தெளித்தது தண்ணீர்தான். வளைந்த ரிவெட்டை நிமிர்த்தித் தருவது ஆண்டவரின் வேலையா?

அங்கே விமானத்தைச் சோதித்த அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாராம். அந்த மூலை சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. படுத்து உள்ளே போனால்தான் கண்ணில் படும். லோகனையே சொல்லச் சொன்னேன். "நான் சொன்னா கேக்க மாட்டாருக்கா, நீங்களே எழுதிக் குடுங்க" என்றுவிட்டார்.

எழுதாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். தனி ஆளாகக் கட்டியது எத்தனை தூரம் போகிறது பார்ப்போம் என்று இருந்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சனிக்கிழமை முதல் தடவை நீங்கள் மட்டும், அடுத்த வாரம் அந்தப் பெண்ணும் ஏறுவதாக லோகன் வாய் தவறிச் சொன்னார். எனக்கென்று நீங்கள் சொல்லிவைத்த பக்கத்து இருக்கை அது. பரவாயில்லை, உட்காரட்டும். ஆனால் அவரையும் பெற்ற தாய் எங்கோ இருப்பாள்.

சனிக்கிழமை பறப்பதைத் தள்ளிப்போடுங்கள். வளைந்ததைக் கழற்றி வேறு அடிக்க, உள்ளே போக ஓர் ஆள் வேண்டும். உங்களால் முடியாது, அந்தப் பெண்ணும் நல்ல உயரம். என் உடம்பு அளவுக்குச் சின்னதாக யாரும் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். உள்ளே கிடப்பவளின் முகம் வெளியே நிற்பவருக்குத் தெரியாது, நீங்கள் பேசவும் வேண்டாம். அலுமினியத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், நான் கட்டையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அதுவரை மாதா உங்களைத் தரையிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உள்ளே இருந்தவள்,
ஜெரால்டின்