மயிலின் தோகையில் ஒரு கை அரிசி

1983 மார்ச், சனிக்கிழமை இரவு.

பள்ளி விழாவுக்காக நான் மைதானத்தில் அரிசியாலும் பருப்பாலும் போட்ட பெரிய மயிலைப் பார்க்க இன்று ஆனையூரே திரண்டு வந்தது. மழை இல்லாத இந்த வருஷத்தில் அவ்வளவு தானியத்தைத் தரையில் பரப்பியதற்கு அப்போது எனக்குத் துளியும் கூச்சம் இல்லை.

சாயங்காலம் ஒரு பெண் தோகை ஓரமாகக் குத்தவைத்து எதையோ அள்ளுவதைப் பார்த்தேன். "என்னம்மா, அரிசி திருடுறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவள் கையை விரித்தாள். அரிசியோடு மண்ணும் கலந்திருந்தது.

"இல்ல சார். வெளிய சிந்திக் கெடந்துச்சு. சனங்க மிதிச்சுட்டுப் போறாக, மனசு கேக்கல. உள்ள எடுத்துப் போடத்தான் அள்ளுனேன்."

அப்படியே அதைத் தோகைக்குள் போட்டாள். யாரும் கேட்காமலே முந்தானையை உதறிக் காட்டினாள். ஒரு மணிகூட விழவில்லை. "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனாள்.

கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குள் தலைமையாசிரியர் மேடைக்கு அழைத்தார். போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். சிரித்துக்கொண்டே கும்பிட்டேன்.

வீட்டில் அந்தப் பொன்னாடையைத் தடவிப் பார்த்து மனைவி கேட்டாள், "எல்லாரும் என்ன சொன்னாக?"

"நல்லா இருக்குன்னாக" என்றேன். அரிசி அள்ளிய அந்தப் பெண் சொன்னதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.