இரண்டாம் எண் புட்டி

மார்ச் 3
பதினெட்டு எலிகள். பின்னங்காலில் வீங்கவைக்கும் ஊசி, வாயில் மருந்து, மணிக்கொரு தடவை காலை அளப்பது. மாலையில் பதினெட்டையும் கொன்றாயிற்று. வேடிக்கை என்னவென்றால் வீங்கவைப்பதும் கடற்பாசியில் எடுத்ததுதான்; வடியவைக்கும் என்று நான்கு வருடமாக நான் கட்டி அழுவதும் கடற்பாசிச் சாறுதான்.

மூன்று புட்டிகளில் பொடி. ஒன்றில் என் சாற்றை உலர்த்தியது, ஒன்றில் வெறும் மாவு, ஒன்றில் ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் விற்கும் வலி மருந்து. மூன்றிலும் ஒரே பச்சைச் சாயம். எதில் எது என்பது பேராசிரியரின் அலமாரியில், ஒட்டிய உறைக்குள். அளக்கிறவள் ஆசையில் கூட்டிக் குறைத்துவிடுவாளாம். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

மார்ச் 5
மூட்டுவாதத்தில் அக்காவின் விரல்கள் இன்னும் தடித்துவிட்டன. மோதிரம் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் நகைக்கடைக்காரர். தையற்கடையைப் பூட்டி ஐந்து மாதம். போன வருடம் வயிற்றுப்புண் வெடித்ததிலிருந்து வலி மாத்திரையே கூடாது. "இனி ஒண்ணு போட்டாலும் ரத்தம் கொட்டும்" என்றிருக்கிறார் டாக்டர்.

"எலி டாக்டரம்மா, எலிக்குக் குடுக்குறதுல எனக்கும் கொஞ்சம் குடேன்டி."

சிரித்து வைத்தேன்.

மார்ச் 11
அன்றைய அளவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் எண் பொடி கொடுத்த எலிகளுக்கு வீக்கம் பாதிக்குமேல் வடிந்திருக்கிறது! மூன்றாம் எண்ணுக்கு ஏதோ கொஞ்சம். முதல் எண்ணுக்கு ஒன்றுமே இல்லை. உறையை இனி எதற்குப் பிரிக்க வேண்டும்? இரண்டுதான் என்னுடையது. வேறு எதுவாக இருக்கும்?

மார்ச் 12
சாப்பாட்டுப் பையில் இரண்டாம் எண் பொடி வீட்டுக்கு வந்தது. திருட்டுதான். இருக்கட்டும்.

"கசக்குதுடி. கடல்ல இருந்து வர்றதுன்னா உப்புக் கரிக்கும்னுல்ல நெனச்சேன்."

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், முழுங்கு."

மார்ச் 17
அக்கா ஊசியில் நூல் கோத்தாள். அவளே! மோதிரம் விரலில் சுழல்கிறது. வயிறு எரிகிறது என்றாள். காரத்தைக் குறை என்றேன்.

மார்ச் 20
உறையைப் பிரித்தார் பேராசிரியர். ஒன்று, மாவு. மூன்று, என் சாறு. "பரவாயில்லம்மா, கொஞ்சம் வேலை செய்யுதே, கட்டுரை எழுதிடலாம்."

இரண்டு, வலி மருந்து.

பஸ்ஸில் எழுதுகிறேன். அக்கா போனை எடுக்கவில்லை. எடு அக்கா. எடு—

மார்ச் 21
கழுவுதொட்டி முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். என் தங்கச்சி கண்டுபுடிச்ச பாசிப் பொடி மட்டுந்தான். அது ஒண்ணும் பண்ணாது."

பெருமையாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்றா? அந்த முகம் மாறிவிடும் என்றா? சொல்லித் தொலைத்திருக்கலாமே, பாவி.

மார்ச் 23
காலை பத்தேகாலுக்கு அக்கா போய்விட்டாள். நர்ஸ் மோதிரத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வெட்ட வேண்டியிருக்கவில்லையாம். தொட்டதுமே கழன்று வந்துவிட்டதாம்.