கயிற்றைவிட மலிவான கழுத்து

மழை பிழையாது பெய்க. மண் மனம் நிறைந்து விளைக. வேளிமலைக்கும் கீழ்க்கடலுக்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் ஒரு குடைக்கீழ்க் காக்கும் மணிநாட்டு அரசி நங்கைமாதேவி, கழிமுகப் பட்டினத்துக் காவலரும், துறைக்கும் சுங்கத்துக்கும் உரிமை பூண்டவரும், நம் உடன்பிறந்த இளையவருமாகிய ஆதன்வேளுக்கு விடுக்கும் ஓலை. உமது கலங்கள் கரை சேர்க. உமது கோயில் விளக்குகள் நின்றெரிக. அண்மையில் பிறந்த உமது மகள் வயிறு நிறைந்து உறங்குக; உம்மையும் சற்றே உறங்க விடுக.

நீர் விடுத்த விண்ணப்பம் கண்டோம். நம் தந்தையார் நாளில் எத்தனை கலங்களின் சரக்கு இறங்கிற்றோ அத்தனைதான் இன்றும் இறங்குகிறது என்றும், எதிர்க்கரையிலுள்ள வெண்மணல்துறையோ அதனினும் மும்மடங்கு இறக்குகிறது என்றும், இதற்கெல்லாம் காரணம் சுமைகாரரின் சோம்பலே என்றும், அவர்கள் கூட்டங்கூட்டமாய் எதிர்க்கரைக்குக் கப்பலேறுவதால் இனி எவரும் பட்டினம் நீங்கலாகாது என்னும் கட்டளைக்கு நம் முத்திரை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். கையெழுத்து அழகாக இருந்தது.

முத்திரை இடுமுன் உண்மை அறிய வேண்டி, நம் ஓலைநாயகர் காரி நக்கரை உமக்குச் சொல்லாமலே துறைக்கு அனுப்பினோம். சினம் கொள்ளற்க. அவர் வந்து உரைத்ததைக் கேட்டபின் அரசியாகப் பேச மனம் வரவில்லை. ஆகவே இனி வரும் வரிகள் அக்கா சொல்வது, தம்பி.

நீ காவலனான அன்று, இரும்புருளையும் தேக்குக் கையும் தாம்புக்கயிறும் பூட்டிய பாரந்தூக்கி ஒன்றை உனக்குச் சீராக அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? அதற்கு நீ மண்டபம் கட்டியிருக்கிறாயாம். அரசி தந்த பொருள் வெயிலில் நிற்கலாகாது என்று உள்ளே வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, மாலை சாத்தி, தூண்டாமணி விளக்கும் ஏற்றியிருக்கிறாயாம். காலைதோறும் சுமைகாரர் வரிசையில் நின்று அதைக் கும்பிட்டுவிட்டு, பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கிறார்களாம். அவர்களுள் மாகாளி என்பவளை, என்ன வேண்டிக்கொண்டாய் என்று நக்கர் வினவியபோது, கழுத்து வலி தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னாளாம். விழுந்து விழுந்து சிரித்தேன், ஆதா. சிரிப்பு அடங்குமுன் அழுதுவிட்டேன். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே!

பக்தி மட்டுமே காரணம் என்று எண்ணாதே. பாரந்தூக்கியை ஏன் இயக்கவில்லை என்று உன் வணிகர் தலைவர் நாகனாரிடம் நக்கர் கேட்டிருக்கிறார். கயிறு தேய்ந்தால் பொன் கொடுத்து வாங்க வேண்டும், கழுத்து தேய்ந்தாலோ மறுநாள் விடியலில் வேறொரு கழுத்து வாயிலில் வந்து நிற்கும் என்று அவர் மிகப் பணிவாக விடை சொன்னாராம். அவர் பொல்லாதவர் அல்லர்; ஆதாயம் அறிந்தவர். ஆள் அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்வரை கருவி அவருக்கு நட்டமே. கருவி இல்லாமல் ஒருவர் கைவேலை பெருகாது. வேலை பெருகவில்லை, கூலியை எப்படி உயர்த்துவது என்று அவர் கேட்பார். கூலி உயராததால் தொழில் பழகியவர் கப்பலேறுவார். நாளைக்கே போகிறவருக்கு எதற்குக் கற்றுத்தருவது என்று புதியவருக்கு எவரும் ஒன்றும் சொல்லித்தரமாட்டார். செக்குமாடு எவ்வளவு நடந்தும் ஊர் போய்ச் சேர்வதில்லை. இதில் சோம்பல் எங்கே வந்தது? வந்த இலாபம்தான் எங்கே போயிற்று என்று நக்கரைக் கேட்டேன். துறைச்சாலை குண்டும் குழியுமாய்க் கிடக்க, நாகனார் மாளிகைக்கு மூன்றாம் மாடம் எழும்புகிறதாம்.

சிறுவயதில் உன் மட்டக்குதிரை வேகமாக ஓடவில்லை என்று, உடம்பு இளைத்தால் ஓடும் என எண்ணி, அதன் தீனியைக் குறைத்தாய். அது ஓடவில்லை, படுத்துக்கொண்டது. நீ அதைக் கட்டிக்கொண்டு அழுதாய். உன் சோற்றையே கொண்டுபோய் ஊட்டினாய். அந்தப் பிள்ளைதான் இன்று ஊர்வாயிலைப் பூட்ட முத்திரை கேட்கிறான் என்றால், யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

மாகாளியின் கணவன் முன்பே எதிர்க்கரைக்குப் போய்விட்டான். வரும் பருவக்காற்றில் கைக்குழந்தையோடு அவளும் போக இருக்கிறாள். என் முத்திரை விழுந்தால் அவள் அங்கே போக முடியாது. இந்தக் கூலிக்கு அவன் இங்கே வரமாட்டான். ஒரு குடும்பத்தின் நடுவே கடலை நிறுத்த என் விரலிலிருந்து முத்திரை மோதிரம் கழலாது.

இனி அரசியின் சொல்.

உமது கட்டளை முத்திரையின்றித் திரும்புகிறது. போவோர் போகலாம்; இங்கேயே நன்றாக வாழலாம் என்று கண்டு இருப்போர் இருக்கட்டும். சுமைகூலியை வெண்மணல்துறைக் கூலிக்குச் சமமாக உயர்த்துக. கயிறும் கப்பியும் வாங்கும் வணிகருக்கு இவ்வாண்டுச் சுங்கத்தில் நம் பங்கை விட்டோம். நாகனாருக்கு இதை முதலில் சொல்லும், முகம் மலர்வார். துறைச்சாலை செப்பனிடப் பொன் நம் பண்டாரத்திலிருந்து வரும். பாரந்தூக்கியின் மாலையைக் கழற்றி, அதை அலைவாய்க்கரையில் நிறுத்தி, அதனை இயக்கச் சுமைகாரருக்குப் பயிற்சி தருக. பயிலும் நாளுக்கும் கூலி உண்டு. மாகாளி விரும்பினால் அவளே முதற்கயிறு பிடிக்கட்டும். அவள் கணவனுக்கு இச்செய்தியைச் சொல்ல நம் தூதன் முன்பே புறப்பட்டுவிட்டான்.

தைப்பூசத்துக்கு நம் மருமகளுக்கு அத்தை சீராகக் கருங்காலித் தொட்டில் ஒன்றைக் கொண்டு கலமேறி வருகிறோம். கனத்த தொட்டில். அது பாரந்தூக்கியில்தான் இறங்க வேண்டும். எவர் தலைமீதாவது அது வரக் கண்டால் கலத்தைத் திருப்பிவிடுவோம். பிறகு பிள்ளையை நீரே தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் உலாவலாம். விடியும்போது உமக்கும் கழுத்து வலிக்கும். அப்போது மண்டபத்துக்குப் போய், மாகாளிக்குப் பின்னால் வரிசையில் நில்லும்.

காரி நக்கர் எழுத, நம் வாய்மொழியாய் அமைந்த இவ்வோலைக்கே மீன்கொத்தி முத்திரை இட்டோம். கண்டவண்ணம் செய்க. குழந்தைக்கு அத்தையின் முத்தம்.